நெய் சைவந்தானுங்களே

என் மாமியார் முன்னால் 'தெரியாது' என்ற சொல்லை நான் முதன்முதலாகச் சொன்னது பெண் பார்க்கப் போன அன்று. சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் அப்போது அந்த வீட்டில் அந்தச் சொல்லுக்கு என்ன மதிப்பு என்று எனக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்?

பள்ளிபாளையத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்களோடு போயிருந்தோம். சேந்தமங்கலத்தைத் தாண்டி, கொல்லிமலை நன்றாகத் தெரிகிற இடத்தில், தோட்டத்துக்குள் இருந்தது வீடு. பெண் காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போனாள். நான் அவளை முழுதாகப் பார்த்து முடிப்பதற்குள் அவளுடைய அம்மா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து என் எதிரிலேயே போட்டு உட்கார்ந்துகொண்டார். சம்பளத்தைக் கேட்பார், வெளிநாட்டு வேலை நிரந்தரமா என்று கேட்பார் என்று பதில்களை மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். அவர் கேட்டதோ வேறு.

"ஏனுங்க, உங்க ஊட்டுல காப்பிக்குப் பால் எங்கீங்க வாங்கறீங்க?"

"பாக்கெட் பாலுங்க."

"அது எந்த ஊருப் பாலுங்க?"

"தெரியாதுங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தெனமும் குடிக்கறீங்க. எங்கிருந்து வருதுன்னு தெரியாதுங்களா? தெரியாதுங்கறதெல்லாம் ஒரு பேச்சுங்களா?"

என் அப்பா தொண்டையைச் செருமினார். பெரியப்பா மேலே சுற்றும் மின்விசிறியை ஆராய ஆரம்பித்தார். சம்பந்தம் அவ்வளவுதான் என்று நினைத்தபடி வேனில் ஏறினேன். மறுநாளே சம்மதம் என்று போன் வந்தது. கல்யாணத்துக்குப் பிறகு என் மனைவியிடம் காரணம் கேட்டேன். "பையன் பொய் சொல்லலை, வெவரந்தான் பத்தலைன்னு அம்மா சொன்னாங்க" என்றாள். அத்தையிடமிருந்து எனக்குக் கிடைத்த ஒரே சான்றிதழ் அது. இன்றைக்கும் அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

அத்தை ஊர்ப் பால் சொசைட்டியில் பாலைச் சோதித்து எடுத்துவந்தவர். பெரிய உத்தியோகம் ஒன்றும் இல்லை. ஆனால் காலையிலும் சாயங்காலமும் கேனோடு வரிசையில் நிற்பவர்களுக்கு மாவட்ட கலெக்டரைவிட அவர்தான் முக்கியம். கொழுப்பு பார்க்க மிஷின் வந்த பிறகும் அவர் பழைய பால்மானியை விடவில்லை. கண்ணாடிக் குழலைப் பாலில் மிதக்கவிட்டு, குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். டிகிரி சரியாக இருந்தால் பேச்சே கிடையாது, கை தானாகப் பாலைப் பெரிய கேனில் சாய்க்கும். டிகிரி இறங்கியிருந்தால் நிமிர்ந்து ஆளைப் பார்ப்பார்.

"தண்ணி எப்படி வந்துச்சு?"

"தெரியலீங்கக்கா."

"தெரியலைங்கறதெல்லாம் ஒரு பேச்சா? உன்ற மாடு, உன்ற கேனு, உன்ற கை. உனக்குத் தெரியாம எப்படி வரும்?"

கேனைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போவார்கள். சொந்தத் தம்பியின் பாலையே அத்தை திருப்பி அனுப்பியிருக்கிறார். தம்பி கோபித்துக்கொண்டு அந்தத் தீபாவளிக்கு வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அத்தை பலகாரத்தை ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தனுப்பினார். பாலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என் கல்யாணத்தன்று மணமக்களை ஆசீர்வாதம் செய்துவிட்டு மத்தியானமே பட்டுப்புடவையை மாற்றிக்கொண்டு மண்டபத்திலிருந்து காணாமல் போனார். எங்கள் சொந்தக்காரர்கள் பெண்ணின் அம்மாவைத் தேடிக்கொண்டிருந்தபோது அவர் சொசைட்டியில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தார்.

அவரைக் கொடுமைக்காரி என்று சொல்லிவிட்டுப் போய்விட முடியாது. தன் எருமைப் பாலையும் அவர் எல்லார் முன்னாலும்தான் வைத்துப் பார்ப்பார். என் மனைவி சின்னவளாக இருந்தபோது ஒருநாள் பள்ளிக்கூட பஸ்ஸுக்கு ஓடும் அவசரத்தில் கேனைக் கழுவிக் கவிழ்க்காமல் அப்படியே வைத்துவிட்டாள். அன்றைக்கு அத்தையின் பாலே டிகிரி இறங்கியது. அவர் கேனை மூடி இடுப்பில் வைத்துக்கொண்டு ஊர் பார்க்க வீட்டுக்கு நடந்தார். பாலை உறை ஊற்றிவிட்டு, சாயங்காலம் மகளைக் கூப்பிட்டுக் கேட்டார். மகள் "தெரியலைம்மா" என்றாள். அதற்கு விழுந்த அறையைப் பற்றிச் சொல்லும்போது என் மனைவி இப்போதும் கன்னத்தைத் தடவிக்கொள்கிறாள்.

எனக்கு அவரைப் பிடிக்கும். பயமும் உண்டு. வீட்டில் விசேஷமாக ஏதாவது பேசும்போது, எனக்குத் தெரியாத விஷயம் வந்தால் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அத்தை சைவம். நாமக்கல் பக்கத்தில் சைவமாக இருப்பது லேசான காரியமில்லை. எந்தத் திசையில் போனாலும் கோழிப்பண்ணை, எந்த ரோட்டிலும் முட்டை லாரி. காற்று திரும்பினால் வீட்டுக்குள்ளேயே வாடை வரும். மகளுக்குச் சின்ன வயதில் வந்த காய்ச்சல் ஒன்று இறங்காமல் போனபோது முருகனுக்கு நேர்ந்துகொண்டு கறி, மீன், முட்டை மூன்றையும் விட்டவர். விட்டார் என்றால் விட்டதுதான். கல்யாணமான புதிதில் மனைவியின் பிறந்தநாளுக்குக் கேக் வாங்க அத்தையையும் அழைத்துக்கொண்டு ஒரு பேக்கரிக்குப் போனேன்.

"இதுல முட்டை போட்டிருக்குதுங்களா?" என்று கடைக்காரரைக் கேட்டார்.

"தெரியாதுங்கம்மா. சரக்கு சேலத்துல இருந்து வருதுங்க."

அதற்கப்புறம் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். பிறந்தநாளைக் கேசரியோடு கொண்டாடினோம்.

அத்தையின் உலகத்தில் சாப்பாடு இரண்டே வகை. ஒன்று கவிச்சி, மற்றது சைவம். பால் எந்தப் பக்கம் என்று கேட்டால் கேட்டவரைப் பைத்தியம் என்று நினைப்பார். பிறந்த குழந்தைக்கு முதலில் ஊட்டுவது, சாமிக்கு அபிஷேகம் செய்வது, செத்தவர் வாயில் கடைசியாக ஊற்றுவது பால். மாட்டின் உடம்பிலிருந்துதான் அது வருகிறது என்பது கறந்து கறந்து கை காய்த்துப்போன அவருக்குத் தெரியாததல்ல. அதற்காக அதைக் கருவாட்டோடும் முட்டையோடும் ஒரே வரிசையில் எப்படி நிறுத்துவது? எங்கள் பக்கத்தில் யாருக்கும் அப்படித் தோன்றாது. எனக்கும் தோன்றியதில்லை.

ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு பெண்ணைப் பற்றி என் மனைவிதான் சொன்னாள். அத்தை ஒருபோதும் சொன்னதில்லை. அந்தப் பெண்ணுக்கு ஒரே ஒரு மாடு, தாய்வீட்டில் சீராகக் கொடுத்து ஓட்டிவிட்டது. புருஷன் போர் போடும் ரிக் வண்டியில் வடக்கே போனவன், வந்தால் உண்டு. ஒரு மழைக்காலத்தில் அவள் பாலில் டிகிரி இறங்கியது. அத்தை திருப்பி அனுப்பினார். சில நாள் கழித்து மறுபடியும் இறங்கியது. இரண்டாம் தரம் இறங்கினால் ஒரு மாதத்துக்குப் பால் எடுக்கக் கூடாது என்பது அந்தச் சொசைட்டியின் ஏற்பாடு.

"தெரியாதுங்கக்கா. சத்தியமாத் தெரியாதுங்க. கேனைக் கவுத்துதானுங்க வெச்சேன்" என்று அந்தப் பெண் வரிசைக்கு நடுவிலேயே அழுதாளாம். பின்னால் நின்ற ஒரு பெரியவர், "உடு சாமி, பாவம்" என்றிருக்கிறார். அத்தை விடவில்லை. "என்ற பாலா இருந்தாலும் இதே கததானுங்க" என்றார். அது உண்மைதான். ஆனால் அத்தைக்கு வீட்டில் எருமைகள், தோட்டம், பாலை உறை ஊற்ற அடுப்படி. அவளுக்கு அந்த ஒரு மாடு. தீவனம் வாங்க வழியில்லாமல் அந்த மாதம் முடிவதற்குள் மாட்டைப் புதன்சந்தைக்கு ஓட்டி விற்றுவிட்டார்கள். அவள் ஒரு கோழிப்பண்ணைக்கு முட்டை பொறுக்கப் போனாள். தண்ணீர் எப்படி வந்தது என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. இதைச் சொல்லிவிட்டு என் மனைவி, "அம்மா செஞ்சது தப்பா சரியான்னு எனக்குச் சொல்லத் தெரியலைங்க" என்றாள். நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போகவில்லை. எனக்கும் தெரியவில்லை.

நாங்கள் மெல்போர்னில் இருந்தபோது என் மனைவி நிறைமாதமாக இருந்தாள். பிள்ளைப்பேறு பார்க்க அத்தை வருவதாக ஏற்பாடு. பாஸ்போர்ட் எடுத்ததிலிருந்து விசா வரைக்கும் அலைச்சல். அவர் வந்து சேர்வாரா என்பதே என் மனைவிக்குப் பெரிய கவலையாக இருந்தது. கிளம்புவதற்கு முன்னால் போனில், "எதையும் சுமந்துகிட்டு வராதம்மா, எல்லாம் இங்கயே கிடைக்குது. கறி, கருவாடெல்லாம் உள்ள உடமாட்டாங்க" என்று சொன்னாள்.

"கறியும் கருவாடும் நான் எதுக்குக் கண்ணு தொடப் போறேன்?" என்று அத்தை சிரித்தார்.

எங்கள் பக்கத்தில் வேண்டாம் என்பது ஒரு மரியாதை. சாப்பிடக் கூப்பிட்டால் முதலில் வேண்டாம் என்போம், இரண்டாம் தரம் கூப்பிட்டால் உட்காருவோம். மகள் மரியாதைக்குச் சொல்கிறாள் என்றுதான் அத்தை எடுத்துக்கொண்டார். தன் எருமைப் பாலில் வெண்ணெய் எடுத்து, முருங்கைக்கீரை போட்டுக் காய்ச்சி இறக்கி, எவர்சில்வர் தூக்குப்போசி நிறைய நெய்யை நிரப்பினார். பிள்ளை பெற்ற உடம்புக்கு ஊர் நெய்தான் தெம்பு என்பது அவர் கட்சி. மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, பழைய வேட்டியில் கட்டி, சேலைகளுக்கு நடுவில் வைத்தார். ஒளித்து வைக்கவில்லை. சிந்தாமல் வைத்தார்.

விமானத்தில் நடந்ததை அவரே பிற்பாடு எனக்குச் சொன்னார். இறங்கும் முன்பு எல்லாருக்கும் ஒரு அட்டை கொடுத்திருக்கிறார்கள். என்னென்ன கொண்டு வருகிறீர்கள் என்று வரிசையாக இங்கிலீஷில் கேள்விகள். பக்கத்து சீட்டில் மதுரைப் பக்கத்துப் பையன் ஒருவன். நல்ல பையன். அத்தையே அவனிடம் எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார். இறைச்சி, கோழி, மீன், முட்டை, பால் பொருள்கள் என்று நீளமாக இருந்த கேள்வியை அந்தப் பையன் தமிழில் சுருக்கிவிட்டான்.

"அம்மா, அசைவம் ஏதாச்சும் கொண்டு வர்றீங்களா?"

"சிவ சிவா! இல்லைங்க சாமி."

அவன் 'இல்லை' என்பதில் குறி போட்டான். அத்தை கீழே தன் பெயரைத் திருத்தமாகக் கையெழுத்திட்டார்.

விமான நிலையத்துக்கு வெளியே நான் காத்திருந்தேன். அந்த விமானத்தில் வந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். அடுத்த விமானத்துக்காரர்களும் வர ஆரம்பித்துவிட்டார்கள். அத்தையைக் காணோம். அந்த நாட்டில் உணவுப் பொருளைச் சொல்லாமல் கொண்டு வந்தால் அபராதம் போடுவார்கள், ஆளைப் பொறுத்து விசாவையே ரத்து செய்து அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பவும் செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். வீட்டிலிருந்து மனைவி போன் செய்துகொண்டே இருந்தாள். "வந்துருவாங்க, கூட்டம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

உள்ளே ஒரு நாய் அத்தையின் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டிருந்தது.

"குலைக்கக்கூட இல்லீங்க மாப்பிள்ளை. சும்மா வந்து பக்கத்துல உக்காந்துச்சு. பழகுன நாயாட்ட இருக்குதேன்னு தடவப் போனேன். தொடக்கூடாதுன்னுட்டாங்க."

கையுறை போட்ட ஒரு அம்மாள் பெட்டியைத் திறந்தார். சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். தூக்குப்போசி வெளியே வந்தது. டேப்பைப் பிரித்ததும் அந்த இடம் முழுக்க முருங்கைக்கீரை நெய்யின் வாசனை. அந்த அம்மாள் அட்டையில் 'இல்லை' என்று போட்டிருந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினார். பிறகு ஒரு போனை நடுவில் வைத்தார்கள். அதிலிருந்து தமிழ் வந்தது, இலங்கைத் தமிழ். கண்காணாத இடத்தில் தமிழைக் கேட்டதும் அத்தைக்கு அழுகை வந்துவிட்டதாம்.

"அம்மா, இது பாலிலை செய்ததுதானே? ஏன் இல்லை எண்டு போட்டனீங்கள்?"

"நெய்யி சைவந்தானுங்களே!"

போனில் இருந்தவர் அதை இங்கிலீஷில் எடுத்துச் சொன்னார். அந்த அம்மாள் ஏதோ கேட்டார். போன் மறுபடியும் பேசியது.

"நீங்கள் ஓம் எண்டு போட்டிருந்தா சாமானை மட்டும் எடுத்துப்போட்டு உங்களை விட்டிருப்பினம். அதிலை ஒரு குற்றமும் இல்லை. சொல்லாமல் கொண்டு வந்ததுதான் பிழை. கொண்டு வரக் கூடாது எண்டு உங்களுக்குத் தெரியுமோ, தெரியாதோ? அதைத்தான் கேக்கினம்."

இந்த இடத்துக்கு வந்ததும் அத்தை பேச்சை நிறுத்திவிட்டார். எங்கள் வீட்டுச் சமையலறையில் நின்று, குழாயடியில் கை கழுவிக்கொண்டே சொல்லிக்கொண்டிருந்தவர், குழாயை மூட மறந்து நின்றார்.

"தெரியாதுங்கன்னு சொன்னனுங்க மாப்பிள்ளை."

அந்த அம்மாள் அவர் முகத்தைப் பார்த்தாராம். நம்பிவிட்டாராம். இனிமேல் இப்படிச் செய்யாதீர்கள் என்று எச்சரித்து, நெய்யைத் தூக்குப்போசியோடு ஒரு பெரிய மஞ்சள் தொட்டியில் போட்டுவிட்டு, கலைந்த சேலைகளை மடிக்கவும் உதவி செய்து அனுப்பிவிட்டார்.

நானும் என் மனைவியும் பிழைத்தோம் என்று பெருமூச்சு விட்டோம். நெய் போனால் போகிறது, அத்தை வந்துவிட்டார். தேற்றுவதாக நினைத்துக்கொண்டு, ஏன் இந்தக் கட்டுப்பாடு என்று அவருக்கு விளக்கினேன். இந்த நாட்டு மாடுகளுக்குக் கோமாரி கிடையாது, வெளியிலிருந்து வரும் பாலிலோ கறியிலோ அது ஒட்டிக்கொண்டு வந்துவிடும் என்று பயப்படுகிறார்கள் என்றேன். எனக்கு அது செய்தித்தாளில் படித்த விஷயம். அவருக்கு அப்படி இல்லை. வாயில் நுரை தள்ள, குளம்பு புண்ணாகி எழ முடியாமல் கிடந்த மாடுகளைப் பார்த்தவர்.

"இங்க கோமாரியே இல்லீங்களா? இத்தனை மாடு இருந்துமா?"

"இல்லீங்க அத்தை."

"அப்ப அவங்க கேக்கறது நாயந்தானுங்க. நானா இருந்தாலும் உடமாட்டேன்." நாற்காலியில் உட்கார்ந்தார். "ஆனா என்னைய உட்டுட்டாங்க."

"உங்களுக்கு நெசமாவே தெரியாதுதானுங்களே."

"அதுதானுங்க" என்றார். நான் அவருக்கு ஆறுதல் சொல்லிவிட்டதாக நினைத்தேன். பேச்சு போகும் இடம் எனக்குப் புரியவில்லை. என் மனைவிக்குப் புரிந்துவிட்டது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பேத்தி பிறந்தாள். அத்தை கடை நெய்யை முகர்ந்து பார்த்து, முகத்தைச் சுளித்து, அதையே மகளுக்குச் சோற்றில் விட்டுப் பிசைந்து கொடுத்தார். எல்லாம் குறைவில்லாமல் செய்தார். ஆனால் அவரிடம் ஒரு கோணல் வந்துவிட்டிருந்தது. சூப்பர் மார்க்கெட் வாசலில் யாரும் கேட்காமலேயே கைப்பையைத் திறந்து காட்டுவார். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் வணக்கம் சொன்னால்கூட, "இவரு ஏதாச்சும் கேக்கறாருங்களா?" என்று என்னைப் பார்ப்பார். ஊர் திரும்பியபோது திருச்சி விமான நிலையத்தில் சுங்க அதிகாரியை இவரே தேடிப் போய், "பிஸ்கட் இருக்குதுங்க, சாக்லேட் இருக்குதுங்க, அதுல பால் சேர்ந்திருக்குதுங்க" என்று சொல்லியிருக்கிறார். அவர், "போங்கம்மா, பின்னாடி ஆளு நிக்குது" என்றாராம். இதைப் போனில் கேட்டு நாங்கள் சிரித்தோம். அத்தை சிரிக்கவில்லை.

அடுத்த வருஷம் பேத்தியின் காதுகுத்துக்கு ஊருக்குப் போனோம். அத்தை சொசைட்டிக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார். பால்மானியும் இருந்தது, மூடிய ஒரு கண்ணும் இருந்தது. ஒருநாள் சாயங்காலம் நானும் கூடப் போய் நின்றேன். ஒரு பையனின் கேனில் டிகிரி இறங்கியிருந்தது. "எப்படி வந்துச்சு?" என்று கேட்டார். "தெரியலீங்க ஆயா" என்றான். அத்தை வாயைத் திறந்தார். எனக்கு அடுத்த வாக்கியம் மனப்பாடம். ஆனால் அவர் அவன் கேனின் மூடியைக் கவிழ்த்து, அதன் உள்பக்கத்தை விரலால் வழித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வரிசையில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாலை எடுக்கவும் இல்லை, ஏசவும் இல்லை. பையன் கேனைத் தூக்கிக்கொண்டு போன பிறகும் ஈர விரலைப் பார்த்தபடி நின்றார். எனக்குப் பார்க்கவே சங்கடமாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் காதுகுத்துக்கு அழைக்க வெற்றிலை பாக்குத் தட்டோடு கிளம்பினோம். நான் ஸ்கூட்டர் ஓட்ட, அத்தை பின்னால். சொந்தக்காரர்கள் வீடெல்லாம் முடிந்தது. வீட்டுப் பக்கம் வண்டியைத் திருப்பினேன்.

"ஓடையைத் தாண்டி உடுங்க மாப்பிள்ளை" என்றார்.

எந்த வீடு என்று நான் கேட்கவில்லை.

அந்தப் பெண் வாசலில் முட்டை அட்டைகளை அடுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "வாங்கக்கா, வாங்க" என்று ஒரு ஸ்டூலையும் நாற்காலியையும் எடுத்துப் போட்டாள். வீட்டை ஒட்டிக் கட்டுத்தறி. மாடு கட்டும் முளைக்குச்சி இன்னும் தரையில் இருந்தது. அதைச் சுற்றி விறகு அடுக்கியிருந்தாள்.

அத்தை தட்டை நீட்டினார். "பேத்திக்குக் காதுகுத்து புள்ள. நீ வரோணும்."

"வாரனுங்கக்கா."

அழைப்பு அதோடு முடிந்தது. அத்தை எழுந்திருக்கவில்லை. கட்டுத்தறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம் புள்ள, அன்னிக்குத் தெரியாதுன்னு சொன்னியே."

"என்னைக்குங்கக்கா?" என்று அவள் கேட்டாள். ஆனால் என்றைக்கு என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. கட்டிய கயிற்றை அவிழ்த்து மறுபடியும் கட்டினாள்.

"நெசமாவே உனக்குத் தெரியாதா?"

"தெரியாதுங்க. இன்னைக்கு வரைக்கும் தெரியாதுங்கக்கா."

அத்தை சொல்ல ஆரம்பித்தார். தூக்குப்போசியை, விமானத்தில் கொடுத்த அட்டையை, மதுரைப் பையனை, போனில் வந்த இலங்கைத் தமிழை, எதையும் விடாமல் சொன்னார். அந்தப் பெண் முதலில் தரையைப் பார்த்தபடி கேட்டாள். பிறகு நிமிர்ந்தாள். "நாயி சும்மா உக்காந்துச்சுங்களா?" என்று சிரித்துவிட்டாள். நெய் மஞ்சள் தொட்டிக்குள் விழுந்த இடத்தில் "அய்யோ" என்று நாக்கைக் கடித்தாள். பால் மாடு வைத்திருந்தவளுக்கு அந்த வலி தெரியும். அந்தச் சிரிப்பையும் 'அய்யோ'வையும் கேட்டு, எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை வந்தது.

"நானும் தெரியாதுன்னுதான் புள்ள சொன்னேன்" என்றார் அத்தை. அவர் குரல் உடைந்து நான் கேட்டது அந்த ஒருமுறைதான். "நம்பி உட்டுட்டாங்க. நான் உன்னைய உடலையே."

அவள் கோபமோ குத்தலோ குரலில் துளிகூட இல்லாமல் சொன்னாள்.

"உங்களைப் பாத்தா ஆருக்கும் நம்பத்தானுங்கக்கா தோணும்."

சொல்லிவிட்டு அட்டைக் கட்டை ஓரமாக நகர்த்தி வைத்தாள். "இருங்க, காப்பி வெக்கறேன். பால் இல்லீங்க, வரக்காப்பிதான். குடிப்பீங்களா?"

"குடு புள்ள" என்றார் அத்தை.

பால் இல்லாத காப்பியை அத்தை குடித்து நான் பார்த்ததில்லை. மெல்போர்னில் டப்பாப் பாலைக் குறை சொல்லிக்கொண்டேயாவது பாலோடுதான் குடித்தார். அன்று அந்த டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சூடு ஆறுவதற்குள் மடக்கு மடக்காகக் குடித்து முடித்தார். டம்ளரைத் தானே கழுவி வைக்கப் போனார். அவள் விடவில்லை, வாங்கிக்கொண்டாள்.

திரும்பும்போது ஓடைப் பாலத்தைத் தாண்டியதும் அத்தை என் தோளுக்குப் பின்னாலிருந்து கேட்டார்.

"ஏனுங்க மாப்பிள்ளை, அவ என்னையத் தேத்தறதுக்குச் சொன்னாளுங்களா, இல்லை உள்ளதைச் சொன்னாளுங்களா?"

அத்தை காலமாகி இப்போது இரண்டு மழைக்காலம் போய்விட்டது. இன்றைக்குக் கேட்டிருந்தாலும் நான் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பேன்.

"தெரியாதுங்க அத்தை."

சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். பெண் பார்க்கப் போன அன்று கேட்ட அந்த 'ஒரு பேச்சுங்களா' வரும் என்று எதிர்பார்த்தேன். வர வேண்டும் என்றுகூட ஆசைப்பட்டேன். வரவில்லை. சொசைட்டி வாசலில் வண்டியை நிறுத்தச் சொன்னார். சாயங்காலப் பாலுக்கு ஆட்கள் வந்து கேன்களை வரிசையில் வைத்திருந்தார்கள். அத்தை இறங்கி, சேலையைச் சரிசெய்துகொண்டு, அந்த வரிசையைப் பார்த்தபடியே சொன்னார்.

"எனக்குந் தெரியலீங்க மாப்பிள்ளை."